நாயின் குற்றமா, நம் குற்றமா?

சேலத்திலிருந்து இராசிபுரம் வழியாக நாமக்கல் வரை பரந்து கிடக்கும் சமவெளியில் தோட்டத்து வீடுகள் ஒன்றுக்கொன்று எட்ட நிற்கின்றன. பட்டியில் ஆடுகளும் களத்தில் தானியமும் இருக்க, இரவுக் காவலுக்கு நாயை நம்பாத குடும்பம் அங்கே அரிது. பணியின் பொருட்டு அவ்வூர்களில் குடியேறிய நம்மவர் இல்லங்கள் சிலவற்றிலும் நாய் வளர்கிறது. அது வந்தவர் மேல் பாய்ந்தாலும், இரவெல்லாம் குரைத்தாலும், செருப்பைக் கடித்துக் குதறினாலும் அக்கம்பக்கத்தார் கூறும் மருந்து மூன்றே: "நாலு அடி வையுங்கள், ஒரு வேளை பட்டினி போடுங்கள், சங்கிலியைக் குறுக்கிக் கட்டுங்கள்." முதல் அணுவிரதத்தை ஏற்ற இல்லறத்தார் இம்மருந்தைக் கைக்கொள்ளலாமா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கொல்லாமை அணுவிரதத்துக்கு நேரும் அதிசாரங்கள் ஐந்து என்று உமாஸ்வாமிகளின் தத்துவார்த்த சூத்திரமும், சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் வகுத்துள்ளன. கட்டுதல், அடித்துத் துன்புறுத்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மேல் பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. உயிரைப் போக்குவது மட்டுமே இம்சை என்று கருதியிருப்போர்க்கு இந்த வரிசை ஒரு திடுக்கிடல். நம்மை அண்டி வாழும் உயிர்களை நாம் அன்றாடம் நடத்தும் முறையைப் பற்றியே இது பேசுகிறது. மேற்கூறிய மூன்று மருந்துகளும் இதில் அப்படியே அடங்கிவிடுகின்றன. அழகு கருதி நாயின் காதையும் வாலையும் வெட்டுவதையும் சேர்த்தால் நான்கு ஆகின்றன.

ஆயினும் இங்கே ஒரு மறுப்பு எழும். "இரக்கப்பட்டு நாயை அவிழ்த்துவிட்டு, அது பக்கத்துப் பட்டியில் ஆட்டைக் கொன்றால், தெருவில் குழந்தையைக் கடித்தால், அந்த இம்சை யாரைச் சேரும்?" வினா நியாயமானதே. வளர்த்தவரையே அது சேரும். பிரமாதம் எனப்படும் கவனமின்மையால் உயிர்க்கு விளையும் கேடே இம்சை என்பது ஆசாரியர் துணிபு. ஆகவே அடிப்பது ஒரு பிழை என்றால், கண்டும் காணாமல் விடுவது மற்றொரு பிழை. இவ்விரண்டிலும் விழாமல் நம்மைக் காக்கும் வழி, நாய்க்குப் பொறுமையுடன் கற்பித்தலே.

நாய்க்குக் கற்கும் தகுதி உண்டா என்பார்க்கு நம் நூல்களே விடை தருகின்றன. ஐம்பொறிகளோடு மனமும் வாய்த்த உயிரைச் சஞ்ஞி என்பர். பயிற்சியையும் அறிவுரையையும் மனத்தின் துணையால் ஏற்றுக்கொள்ளும் ஆற்றலே சஞ்ஞியின் அடையாளம் என்று 10ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நேமிசந்திரர் கோம்மடசாரத்தில் கூறினார். நாய் அவ்வகையைச் சேர்ந்தது. கற்க வல்ல ஓர் உயிரை அடியால் மட்டுமே அடக்க முனைவது, அதற்கு மனம் உண்டு என்பதையே மறுப்பதாகும்.

இக்கால ஆராய்ச்சியும் இதற்கு அரண் செய்கிறது. அமெரிக்க அறிஞர்களான ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட நூல், பிறந்த 3ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 12ஆம் வாரம் வரை நாய்க்குட்டி பெறும் பழக்கமே அதன் பிற்கால இயல்பைப் பெரிதும் உருவாக்குகிறது என்று விளக்கியது. அப்பருவத்தில் மனிதரோடும் பிற உயிர்களோடும் பழகாத குட்டி, வளர்ந்தபின் அவற்றைக் கண்டு அஞ்சும். கடிக்கும் நாய்களில் பல, அஞ்சும் நாய்களே. காலையில் செருப்பைக் கடித்ததற்கு மாலையில் அடித்தால், அந்த அடி எதற்கென்று நாய் அறியாது. அடித்தவரைக் கண்டு ஒடுங்க மட்டுமே கற்கும். உறுமியதற்காக அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடக்கூடும். பிறகு முன்னறிவிப்பின்றிக் கடிக்கும். குறுகிய சங்கிலியில் கிடக்கும் நாய்க்கோ விலகி ஓட இடமில்லை. எதிர்ப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை.

ஆதலால், நாய் செய்த நற்செயலை அக்கணமே பாராட்டி ஒரு கவளம் அளிப்பதும், வேண்டாத செயலுக்கு வாய்ப்பளிக்காமல் பொருள்களை எடுத்து வைப்பதும், நாள்தோறும் அதனை நடத்திச் செல்வதும் வளர்ப்பவர் கடமைகள். விருந்தினர் வரும் வேளையில் கட்டி வைப்பது காப்பு; வாழ்நாளெல்லாம் கட்டி வைப்பது சிறை. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமல் விடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும். சாதுவான நாய் திடீரெனச் சீறினால், வலியோ நோயோ காரணமாகலாம். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இயங்கி வருகிறது. வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போடுவது நாய்க்கும் அயலார்க்கும் ஒருங்கே செய்யும் அபயதானம். நாய் கடித்துவிட்டால், புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

1880இல் கும்பகோணத்தில் உ.வே.சாமிநாதையரைச் சீவக சிந்தாமணியின்பால் திருப்பியவர் சேலம் இராமசாமி முதலியார். அதன் பயனாக 1887இல் அந்நூல் அச்சேறியது. அக்காப்பியத்தில், உணவைத் தீண்டியதற்காக அடித்து வீழ்த்தப்பட்ட ஒரு நாய் வருகிறது. அடித்தவர்கள் கண்டது ஒரு குற்றத்தை; சீவகன் கண்டது ஓர் உயிரை. அவன் அதன் செவியில் பஞ்சமந்திரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகி, பின்னாளில் அவனுக்கே துணை நின்றது.

சாகும் நிலையிலும் மந்திரத்தை ஏற்கத்தக்க செவி நாய்க்கு உண்டு என்று திருத்தக்கதேவர் கண்டார். நம் வாசலில் இருக்கும் நாயின் செவிக்கு நாம் நாள்தோறும் எதனைத் தருகிறோம்? வசையையா, அன்போடு கூடிய ஒரு சொல்லையா? இன்று மாலை சங்கிலியை அவிழ்த்து, வாரைக் கையில் பிடித்துக்கொண்டு அதனோடு சிறிது தூரம் நடப்போம். முதல் அணுவிரதத்தின் பயிற்சி அங்கேயே தொடங்கட்டும்.