பொருள் தெரியாமல் காத்த பாட்டு

எங்கள் ப்ராஜெக்ட்டில் பழைய கோட் ஒன்று இருக்கிறது. அதன் மேலே யாரோ ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்: 'இது எதற்கென்று தெரியாது, தயவுசெய்து அழிக்க வேண்டாம்.' எழுதியவர் வேலையை விட்டுப் போய் எட்டு வருடம் ஆகிறது. நானும் அழிக்கவில்லை. எல்லாம் பயம்தான்.

மேரி மோரன் குடும்பத்தின் கதையைச் சொன்னபோது நண்பன் உடனே இந்தக் கோடைத்தான் இழுத்தான். "அர்த்தமே தெரியாம தலைமுறை தலைமுறையா பாடினா அதுக்குப் பேரு ஞாபகமாடா? வெறும் பழக்கம்." மறுத்துப் பேச அன்றைக்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

கதை இதுதான். 1930களின் தொடக்கத்தில் லோரென்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு அமெரிக்காவின் ஜார்ஜியா கடற்கரைக்குப் போனார். அந்தக் கரையில் வாழ்ந்த கறுப்பின மக்களின் பேச்சை, சரியாகக் கற்றுக்கொள்ளாத ஆங்கிலம் என்று அன்றைய அறிஞர்கள் பலர் ஒதுக்கியிருந்தார்கள். டர்னருக்கு அதற்குள் ஆப்பிரிக்க மொழிகள் கேட்டன. ஹாரிஸ் நெக் என்ற ஊரில் அமேலியா டாலி என்ற பெண் அவருக்கு ஐந்து வரிப் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினார். வீட்டுப் பெண்கள் வழியாக வந்த பாட்டு. பொருள் அவருக்குத் தெரியாது. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த சியரா லியோன் மாணவர் ஒருவர் பதிவைக் கேட்டு, அது மெண்டே மொழி என்று அடையாளம் சொன்னார். 1949ல் வந்த டர்னரின் நூலில் பாட்டு அச்சேறியது. பிறகு நாற்பது வருடம் அப்படியே கிடந்தது.

மானுடவியலாளர் ஜோசப் ஓபாலா, இசை ஆய்வாளர் சிந்தியா ஷ்மிட், மெண்டே மொழியியலாளர் தஸீஃப் கொரோமா மூவரும் அதை மறுபடி எடுத்தார்கள். பாட்டில் இருந்த வட்டார வழக்குச் சொல் ஒன்று கொரோமாவுக்குப் பிடிபட்டது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய், செனெஹுன் ங்கோலா என்ற கிராமத்தில் அதே பாட்டை அறிந்த பேண்டு ஜபாட்டி என்ற பெண்ணைக் கண்டார்கள். பாட்டி சொல்லிக்கொடுத்ததாம். தொலைந்துபோன சொந்தங்களை இந்தப் பாட்டால் அடையாளம் காணலாம், விட்டுவிடாதே என்றும் பாட்டி சொல்லியிருந்தாராம்.

அது இழவுப் பாட்டு. மெண்டே மக்களிடையே சாவுச் சடங்கு பெண்களின் பொறுப்பு. புதைகுழியருகே ஊர் கூடும், சோறாக்கும், பாடும், கடைசியில் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பும். கடலுக்கு இந்தப் பக்கம், அமேலியாவின் மகள் மேரி மோரனுக்கு அந்தப் பாட்டு இன்னும் தெரிந்திருந்தது. அவருக்கு அது அம்மா சொல்லிக்கொடுத்த விளையாட்டுப் பாட்டு.

இழவுப் பாட்டு எப்படி விளையாட்டுப் பாட்டாகும் என்று பல நாள் யோசித்தேன். சடங்கு நடக்க ஒரு ஊர் வேண்டும். கூப்பிட்டால் வருகிற ஆட்கள் வேண்டும், அவர்களின் நாள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். நெல் விளைவிக்கத் தெரிந்தவர்கள் என்பதாலேயே அந்த ஆப்பிரிக்கக் கடற்கரை மக்களைத் தோட்ட முதலாளிகள் விரும்பி வாங்கினார்கள். அடிமையாக வந்து இறங்கிய பெண்ணிடம் பாட்டு இருந்தது, ஊர் இல்லை. அவள் பிள்ளைக்கு எதைக் கொடுப்பாள்? துக்கத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டு ஓசையை மட்டும் மடியில் போட்டிருப்பாள். இது என் ஊகம்தான். ஆனால் பிள்ளை பெற்றவர்கள் இதை நம்புவார்கள் என்று நினைக்கிறேன்.

நண்பனுக்கு என் பதில் இங்கேதான் கிடைத்தது. மேரி காப்பாற்றி வைத்திருந்தது ஆப்பிரிக்காவை என்று சொன்னால் பொய். அவர் வைத்திருந்தது அம்மாவின் குரலை. அமேலியாவும் தனக்கு முன்னால் பாடிய ஒருத்தியின் குரலைத்தான் வைத்திருந்தார். ஒவ்வொருத்தியும் ஒரே ஒருத்திக்கு மட்டும் உண்மையாக இருந்திருக்கிறாள். அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. எங்கள் கோடை யாரும் பிள்ளைக்குப் பாடிக் காட்டவில்லை.

"சரி, ஒத்துக்கிறேன்" என்றான். நான் ஜெயித்த மாதிரி இருந்தது. ஆனால் கதையின் இன்னொரு பாதியை நான் அவனிடம் சொல்லவே இல்லை.

சியரா லியோனில் 1991ல் உள்நாட்டுப் போர் மூண்டது. மேரி குடும்பத்தோடு செனெஹுன் ங்கோலாவுக்குப் போக 1997 ஆகிவிட்டது. ஊர் அவரைச் சொந்தமாக ஏற்றுக்கொண்டது. 'தி லாங்வேஜ் யூ க்ரை இன்' என்ற ஆவணப்படம் அடுத்த வருடம் வந்தது. பார்க்கிற யாருக்கும் தொண்டை அடைக்கும். எனக்கும் அடைத்தது. அந்த அழுகை கொஞ்சம் சுலபமானது என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் ஹாரிஸ் நெக் இன்று அந்த மக்களுடையது அல்ல. 1942ல், போர் விமானத் தளம் வேண்டும் என்று அமெரிக்க அரசு 2,600 ஏக்கருக்கு மேல் எடுத்துக்கொண்டது. சில வாரங்களில் கிளம்பச் சொன்னார்கள், வீடுகளை இடித்தார்கள். போர் முடிந்த பிறகும் நிலம் திரும்பி வரவில்லை. 1962ல் அது பறவைகளுக்கான சரணாலயமானது. 1979ல் பழைய குடும்பங்கள் உள்ளே போய்க் கூடாரம் போட்டு உட்கார்ந்தன. சிலரைக் கைது செய்தார்கள். பிறகு வழக்கு, தோல்வி. மேரியின் மகன் வில்சன் உட்படப் பலர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இருநூறு வருடம் வாய்வழி வந்த ஐந்து வரியை நாம் கொண்டாடுகிறோம். எந்த மரத்தடியில் யார் வீடு இருந்தது என்று அதே வாய்கள் சொன்னால், பத்திரம் எங்கே என்கிறோம். முதலாவதை ஏற்றுக்கொள்ள யாருக்கும் ஒரு காசு செலவில்லை. நான் நண்பனிடம் இரண்டாம் பாதியைச் சொல்லாமல் விட்டதற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கும். அதில் யாரும் கட்டிப்பிடித்து அழவில்லை.

மறுநாள் மதியம் சாப்பிடும்போது அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். "அப்ப அவங்க இப்ப அங்க போகணும்னா?"

"போகலாம். பறவை பாக்க வர்றவங்க மாதிரி. இருட்டறதுக்குள்ள வெளிய வந்துடணும்."