அறியாதவன் கேட்கட்டும்!

பத்தாவது மாடியில் குடியிருக்கிறான் ஒருவன். காலையில் வேலைக்குப் புறப்படும்போது மின்தூக்கியில் ஏறித் தரைத்தளம் வரை இறங்குகிறான். மாலையில் திரும்பும்போதோ, ஏழாவது மாடியிலேயே வெளியே வந்து, எஞ்சிய மூன்று மாடிகளையும் படியேறிக் கடக்கிறான். மழை நாளில் மட்டும் நேரே பத்தாவது மாடிக்குச் செல்கிறான். உடன் எவரேனும் ஏறினாலும் அப்படியே! ஏன்?

இது ஒரு புதிர். விடையறிந்தவன் ஒருவன் எதிரே அமர்ந்திருக்கிறான். அவனிடம் எத்தனை கேள்விகள் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் அவன் தரும் விடைகள் மூன்றே: ‘ஆம்’, ‘இல்லை’, ‘தொடர்பில்லை’. கதை சொல்லமாட்டான், குறிப்புக் கொடுக்கமாட்டான், பொய்யும் பேசமாட்டான். இந்த மூன்று விடைகளைக் கைவிளக்காகக் கொண்டே கேட்பவர்கள் இருளில் வழி கண்டாகவேண்டும்.

மால்டாத் தீவில் 1933-இல் பிறந்த மருத்துவர் எட்வர்ட் டி போனோ, 1967-இல் வெளியிட்ட நூலில் ‘பக்கவாட்டுச் சிந்தனை’ என்றொரு சொல்லை உலகுக்குத் தந்தார். தோண்டிய குழியையே மேலும் ஆழமாகத் தோண்டுவது ஒருவகைச் சிந்தனை. வேறோர் இடத்தில் தோண்டிப் பார்ப்பது மற்றொரு வகை. இந்த இரண்டாவது வகையைத் தேவையாக்கும் புதிர்களுக்கு அந்தப் பெயரே பின்னர் நிலைத்தது. ஜப்பானிலும் சீனாவிலும் இவ்வகைப் புதிர்களைக் ‘கடலாமைச் சூப்பு’ என்று அழைக்கிறார்கள். புகழ்பெற்ற ஒரு புதிர்க்கதையால் வந்த பெயர் அது.

பொழுதுபோக்குத்தானே, இதில் சிந்திக்க என்ன இருக்கிறது என்பர் சிலர். இருக்கிறது, தோழர்களே! கேள்வி கேட்பதைக் கடமையாகக் கொண்ட நமக்கு, எப்படிக் கேட்பது என்று கற்றுத்தரும் பள்ளி இது.

முதலில் அந்தப் பத்தாவது மாடிக்காரனைப் பார்ப்போம். உடற்பயிற்சிக்காகப் படியேறுகிறானா? இல்லை. ஏழாவது மாடியில் நண்பர் எவரேனும் உண்டா? இல்லை. மின்தூக்கி பழுதா? இல்லை. அவன் பித்தனா? இல்லை. கேட்பவர்கள் களைத்துப்போகிறார்கள். அவனுடைய மனத்தைப் பற்றிக் கேட்டாயிற்று; கட்டடத்தைப் பற்றிக் கேட்டாயிற்று; அண்டை அயலாரைப் பற்றியும் கேட்டாயிற்று. நெடுநேரம் கழித்து ஒருவர் கேட்கிறார்: “அவனுடைய உடலமைப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?” ஆம்! அவன் மிகக் குள்ளமானவன். ஏழாவது மாடிக்குரிய பொத்தான் வரைதான் அவன் விரல் எட்டும். மழை நாளில் கையில் குடை இருக்கிறது. அதன் நுனியால் பத்தாவது பொத்தானை அழுத்திவிடுகிறான். உடன் ஒருவர் இருந்தால் அவரே அழுத்திவிடுகிறார்.

புதிர் நம்மை ஏமாற்றியதா? ஒரு பொய்ச்சொல்லும் அதில் இல்லையே! ‘ஒருவன்’ என்றுதான் அது சொன்னது. ‘நம்மைப் போன்ற உயரமுள்ள ஒருவன்’ என்று படித்துக்கொண்டது நம் நெஞ்சம். பூட்டு புதிரில் இல்லை. அதைக் கேட்கும் நாமே பூட்டோடு வந்து உட்காருகிறோம்.

இன்னும் ஒன்று. அந்தக் கேள்வியைக் கேட்க மறந்தவர்கள் நாம் மட்டும்தானா? அந்த மின்தூக்கியை வடிவமைத்தவரும் கேட்கவில்லை! ‘எல்லார் கையும் இங்கே எட்டுமா?’ என்று அவர் தம்மையே ஒருமுறை கேட்டிருந்தால், புதிரே பிறந்திராது. விடை கண்டதும் நாம் சிரிக்கிறோம். ஆனால் கதையில் வரும் அந்த மனிதனுக்கு அது புதிரன்று. நாள்தோறும் மூன்று மாடிப் படிகள்! யாரோ கேட்கத் தவறிய கேள்விக்கு வேறு யாரோ கால்வலியால் விலை கொடுக்கிறார்கள். கேளாத கேள்வி வெறும் அறிவுக்குறை அன்று. அஃது அறக்குறையும் ஆகும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

மற்றொரு புதிர். தந்தையும் மகனும் சென்ற வண்டி விபத்துக்குள்ளாயிற்று. தந்தை அந்த இடத்திலேயே மாண்டார். உயிருக்குப் போராடும் மகனை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். அறுவை மருத்துவர் அவன் முகத்தைக் கண்டதும், “என்னால் இயலாது, இவன் என் மகன்” என்று கதறினார். எப்படி?

வளர்ப்புத் தந்தையா? இறந்தவர் உண்மைத் தந்தை அல்லரா? மருத்துவர் ஆள் தெரியாமல் மயங்கினாரா? கேள்விகள் பெருகுகின்றன. அந்த மருத்துவர் சிறுவனின் தாய்! அவ்வளவுதான் விடை. தமிழில் ‘மருத்துவர்’ என்ற சொல் ஆணைக் குறிப்பதன்று. ‘கதறினார்’ என்ற வினைமுற்றும் ஆணுக்கே உரியதன்று. மொழி கதவைத் திறந்தே வைத்திருந்தது, மனம் அடைத்துக்கொண்டது. முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளிவந்த ஆண்டு 1912. நூறாண்டுகளுக்கு மேலாகியும், அந்தச் செய்தியை அறிந்தவர்களே இந்தப் புதிரில் தடுக்கி விழுகிறார்கள். பெண்ணுரிமையை மேடையில் முழங்குகிறவரும் விழுகிறார்! நாவில் குடியேறிய கொள்கை நெஞ்சின் அடித்தளத்துக்கு இன்னும் இறங்கவில்லை என்பதை, யாரையும் பழிக்காமல், யாரையும் புண்படுத்தாமல் காட்டிவிடுகிறது இந்தச் சின்னஞ்சிறு புதிர்.

‘ஆம்’, ‘இல்லை’ என்ற விடைகளுக்கு இருக்கும் ஆற்றல் சிறிதன்று. இருபதே கேள்விகளில் பொருளைக் கண்டறியும் விளையாட்டு, 1946-இல் அமெரிக்க வானொலியிலும் 1947-இல் பிரிட்டிஷ் வானொலியிலும் நிகழ்ச்சியாக வந்து பெரும்புகழ் பெற்றது. ஒவ்வொரு கேள்வியும் எஞ்சியிருப்பவற்றைச் சரிபாதியாகப் பிரித்தால், இருபது கேள்விகளில் 10,48,576 பொருள்களுள் ஒன்றைத் தனித்தெடுத்துவிடலாம்! கணக்கு வியப்பூட்டுகிறது. ஆனால் அந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: தேடும் பொருள் நாம் போட்ட வேலிக்குள் இருக்கவேண்டும். வேலிக்கு வெளியே இருக்குமானால், இருபது அன்று, இருபதாயிரம் கேள்விகளும் வேலிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். எனவே, கூர்மையான கேள்விகளைத் தேடுமுன், வேலியைப் பற்றியே ஒரு கேள்வி கேட்பது அறிவுடைமை.

அதை நாம் ஏன் கேட்பதில்லை? ‘இல்லை’ என்ற விடையைக் கண்டு அஞ்சுகிறோம்! 1960-இல் பீட்டர் வேசன் என்னும் உளவியலறிஞர் லண்டனில் செய்த ஆய்வொன்றை வெளியிட்டார். ‘2, 4, 6 என்ற மூன்று எண்களும் ஒரு விதிக்கு உட்பட்டவை. நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லுங்கள்; விதிக்குப் பொருந்துமா, பொருந்தாதா என்று சொல்கிறேன். விதியைக் கண்டுபிடியுங்கள்’ என்றார். ‘இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்’ என்று மனத்தில் முடிவு கட்டியவர்கள் 8, 10, 12 என்றார்கள். ஆம். 20, 22, 24 என்றார்கள். ஆம். உடனே விதியை அறிவித்தார்கள். தவறு! விதி, ‘ஏறுவரிசையில் மூன்று எண்கள்’ என்பதே. கலந்துகொண்ட 29 பேரில் அறுவர்தாம் முதல் அறிவிப்பிலேயே சரியாகச் சொன்னவர்கள்.

தம் கருத்து மெய்யானால் ‘இல்லை’ என்று வரவேண்டிய ஒரு கேள்வியை அவர்கள் கேட்டிருக்க வேண்டும். 1, 7, 30 என்று ஒருமுறை சொல்லியிருந்தால், அதற்கும் ‘ஆம்’ என்று வந்திருக்கும், கட்டிய கோட்டை அப்போதே சரிந்திருக்கும், உண்மை தெரிந்திருக்கும். ஆனால் கோட்டை சரிவதை யார் விரும்புவர்? கைதட்டலுக்கு ஏங்கும் பேச்சாளனைப்போல, ‘ஆம்’ என்ற சொல்லுக்கு ஏங்குகிறது மனித மனம். பத்து ‘ஆம்’ ஒரு கருத்துக்கு மாலை சூட்டலாம்; வாய்மையை உறுதிப்படுத்திவிடாது. உரிய இடத்தில் கேட்கப்படும் ஒரே ஒரு கேள்வி அந்தக் கருத்தை உரைகல்லில் உரைத்துக் காட்டிவிடும்.

பவணந்தியார் தம் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். தான் அறிந்ததையே பிறனுக்கு உணர்த்தக் கேட்பது அறிவினா. அறியாததை அறியக் கேட்பது அறியாவினா. ஆசிரியன் கேட்பது முன்னது. மாணவன் கேட்பது பின்னது. இரண்டும் வேண்டியனவே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல!

பிளேட்டோவின் ‘மேனோ’ என்ற உரையாடலில், ஓர் அடிமைச் சிறுவனிடம் சாக்ரடீஸ் வடிவக் கணக்கொன்றைக் கேள்வி கேள்வியாகக் கேட்டே விளக்குகிறார். இரண்டடிப் பக்கமுள்ள சதுரத்தைப்போல் இருமடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு? நான்கு என்கிறான், தவறு. மூன்று என்கிறான், அதுவும் தவறு. பிறகு மூலைவிட்டத்தை நோக்கி அவனை நடத்திச் செல்கிறார். ஆம், ஆம் என்று தலையசைத்தபடி விடையை அடைகிறான். அருமையான காட்சிதான்! ஆயினும் அங்கே கேட்பவர் அறிந்தவர், தலையசைப்பவன் அறியாதவன். நம் புதிராட்டத்தில் நிலைமை தலைகீழ். அறிந்தவன் ஒரு சொல்லோடு அடங்கியிருக்கிறான். அறியாதவன் கேட்கிறான், தவறுகிறான், மீண்டும் கேட்கிறான், தானே கண்டடைகிறான். தலையசைத்துப் பெற்ற விடையைவிட, தடுமாறிப் பெற்ற விடை உரிமையோடு நெஞ்சில் நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆம், இல்லை என்ற கேள்வி விளக்காவதும் உண்டு, விலங்காவதும் உண்டு. ‘மனைவியை அடிப்பதை நிறுத்திவிட்டாயா? ஒரே சொல்லில் பதில் சொல்!’ என்று ஒருவன் அதட்டினால், என்றுமே அடிக்காதவன் என்ன சொல்வான்? ‘ஆம்’ என்றாலும் குற்றவாளி, ‘இல்லை’ என்றாலும் குற்றவாளி! இப்படிக் கேட்பவன் அறிய விரும்புபவன் அல்லன். கேள்விக்குறியை முகமூடியாக அணிந்த தீர்ப்பாளி. விவாத மேடைகளில் இந்த முகமூடிகளை நாம் காணாமலில்லை. அதனாலன்றோ நன்னூல் கூறும் விடை வகைகளுள், உடன்பட்டுச் சொல்லும் நேர்விடை, மறுத்துச் சொல்லும் மறைவிடை ஆகியவற்றோடு, எதிர்க்கேள்வி கேட்கும் விடைக்கும் இடம் கிடைத்தது! புதிராட்டத்திலும் விடையறிந்தவன், ‘கேள்வியிலேயே தவறான ஊகம் இருக்கிறது’ என்று சொல்ல உரிமை உண்டு. அந்த உரிமையை மறுப்பவன் ஆட்டத்தைக் கெடுப்பவன்.

கேள்வி நம் படைக்கலம் என்று பெருமை கொள்கிறோம். பிறர் கொள்கைமீது அதை வீசுவது எளிது. அவர்கள் போட்ட வேலி நம் கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது. நாம் போட்ட வேலியோ, வேலியாகவே தெரிவதில்லை. உலகத்தின் எல்லையாகவே தெரிகிறது! எனவே, ஒரு கேள்வியைத் தொடுக்குமுன் நம்மையே கேட்போம்: இதற்கு ‘இல்லை’ என்று விடை வந்தால், என் கருத்தை மாற்றிக்கொள்வேனா? மாற்றிக்கொள்வேன் என்றால், அது கேள்வி, கேட்கலாம். மாற்றிக்கொள்ளமாட்டேன் என்றால், அது முழக்கம். முழக்கமென்றே ஒப்புக்கொண்டு முழங்கலாம், கேள்வியென்று பெயர் சூட்டவேண்டா.

அறியாமை இழிவன்று. அறியாததை அறிந்ததுபோல் காட்டுவதே இழிவு. ‘இல்லை’ என்ற சொல்லைத் தோல்வி என்று எண்ணாமல், ஒரு தவறான வழியை அடைத்துத் தந்த நன்கொடை என்று ஏற்கும் நெஞ்சம் எவனுக்கு உண்டோ, அவனே பகுத்தறிவுப் பாதையில் நெடுந்தொலைவு நடப்பான். அறியாதவன் கேட்கட்டும்! அறிந்தவன் மெய் சொல்லட்டும்!