மின்னும் மனிதனும்

மண்டையோட்டைத் திறவாமலே மூளைக்கு மின்னோட்டம் செலுத்தும் முறைகள் இன்று பலவாகப் பெருகிவிட்டன. இவற்றுள் எது சிறந்தது என வினவுவோர் பலர். யாருக்கு, எதன்பொருட்டுச் சிறந்தது என வினவுவோர் சிலரே. பின்னைய வினாவின்றி முன்னையதற்கு விடை காணவியலாது என்பதே நம் கருத்து.

முதலில் முறைகளை நோக்குவோம். 1938இல் உரோமில் செர்லெற்றியும் பினியும் தொடங்கிய மின்னதிர்ச்சிச் சிகிச்சை, நூற்றுக்கணக்கான மில்லி அம்பியர் ஓட்டத்தால் வலிப்பை உண்டாக்குவது. மயக்கமருந்து கொடுத்துச் செய்வதே இன்றைய நெறி. கடும் உளச்சோர்வுக்கு அது பெரிதும் பயன்படுகின்றது. நினைவிழப்பு அதற்குக் கொடுக்க நேரும் விலை. 2000ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கோட்டிங்கனில் நிற்சேயும் பவுலசும் ஆராய்ந்த முறையோ வேறு. ஒரு மில்லி அம்பியர் அளவான நேரோட்டம் நரம்புக்கலங்களை நேரே இயக்குவதில்லை; அவை இயங்க ஆயத்தமாகும் நிலையைச் சற்று உயர்த்தும் அல்லது தாழ்த்தும். ஆடலோட்டமோ மூளையின் இயல்பான தாளத்தோடு இசைய முயல்வது.

மென்மையான முறைகளின் பயன் யாது? 2023இல் வெளியான ஜேர்மன் ஆய்வொன்றில், மருந்துண்டுவந்த 160 நோயாளரிடையே நேரோட்டம் போலிச் சிகிச்சையை விஞ்சவில்லை. 2024இல் வெளியான மற்றோர் ஆய்வில் 174 பேர் தத்தம் வீட்டிலேயே பத்து வாரம் கருவியை அணிந்தனர். மின்னோட்டம் பெற்றோரில் ஏறத்தாழ 45 வீதத்தினர் தேறினர். போலிக் கருவி அணிந்தோரில் 22 வீதத்தினர். மின்னின்றியே தேறிய அவர்களை நாம் மறத்தலாகாது. காலமும், நம்பிக்கையும், தம்மை ஒருவர் நலம் வினவுகிறார் என்னும் உணர்வும் அவர்களுக்குத் துணைநின்றிருக்கக் கூடும்.

இத்தகைய நுட்ப வேறுபாடுகள் வணிகனுக்கு வேண்டாதவை. நினைவாற்றல் பெருகும், வேலைத்திறன் உயரும் என்று கூறி நலமுள்ளோருக்கும் தலைப்பட்டிகள் விற்கப்படுகின்றன. உழைத்துக் களைத்தவனின் வேலைநேரத்தைக் குறைப்பதிலும் அவனது மூளையைத் தூண்டுவது மலிவு என்று கருதும் சமுதாயத்தில், இக்கருவிக்கு வாங்குவோர் குறையார்.

இதனாற் கருவியையே வெறுத்தொதுக்க வேண்டும் என்பதன்று. உளச்சோர்வு மெய்யான நோய். வறுமை ஒழியும்வரை பொறுத்திரு என்று நோயாளிக்குக் கூறுவது முற்போக்கு ஆகாது, அது கொடுமை. ஆனால் நோய்க்கு மருந்து வேறு, அநீதிக்குப் பரிகாரம் வேறு. துன்புறுவோன் தானே அறிந்து, விரும்பி ஏற்கும் மின்னோட்டம் மருந்தாகும். பிறர் இலாபத்துக்காக அவன் தலையிற் பூட்டப்படும் அதே மின்னோட்டம் நுகத்தடியாகும். மில்லி அம்பியரை அளக்கும் கருவி இவ்வேறுபாட்டைக் காட்டாது. அதனை நாமே அளந்தறிதல் வேண்டும்.