கொல்லாமையும் வேப்பெண்ணெயும்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடி எடுக்க விரதம் இருக்கும் நாட்களில் என் கொழுந்தனார் கடை மருந்தைத் தொடமாட்டார். சொர்ணவாரிப் பருவ நெல்லில் இலைச்சுருட்டுப் புழு விழுந்தால் வேப்பெண்ணெய்தான். "அது மரத்தோட எண்ணெய்தானே அண்ணி, பாவம் ஒட்டாது" என்பார். மணவூரில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் மற்ற மரங்களை மொட்டையடித்துவிட்டு வேம்பை மட்டும் விட்டுப்போனதை ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் கவனித்தார். மரம் யாரையும் துரத்திக் கொல்லவில்லை. கசப்பால் தன்னைக் காத்துக்கொண்டது. அந்தக் கசப்பைப் பிழிந்து வயலில் அடிக்கிறவர்கள் நாம். அதிலுள்ள அசாடிராக்டின் புழுவின் பசியைக் கெடுக்கிறது. மீறித் தின்ற புழுவுக்குத் தோல் உரிக்க வராது. பழைய தோலுக்குள்ளேயே சிக்கி, நாள் கணக்கில் சாகிறது. புழுவிடம் கேட்டால் இதை அகிம்சை என்று சொல்லுமா?

வாடும் பயிருக்கும் உருகிய வள்ளலார், சிறுவயதில் திருத்தணி முருகனைக் கண்ணாடியில் கண்டதாகச் சொல்வார்கள். அவரைப்போலப் பயிருக்கு இரங்கினால் புழு சாகவேண்டும்; புழுவுக்கு இரங்கினால் பயிர் வாடும். உழுகிறவர்களுக்கு இரண்டு இரக்கமும் சேர்ந்து வாய்ப்பதில்லை. கொல்லாமையில் மிகக் கண்டிப்பான சமணமே இதை ஒப்புக்கொள்கிறது. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களில் பலர் பரம்பரை உழவர்கள். வேண்டுமென்றே கொல்வது வேறு, பிழைப்பில் நேரும் கொலை வேறு என்பது இல்லறத்தாருக்கு அந்தச் சமயம் வகுத்த பாகுபாடு. பிழைப்பில் நேர்வதும் வினைதான், முடிந்தவரை குறைக்கவேண்டும்.

வேப்பெண்ணெய் குறைக்க உதவுகிறது. லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, மிதக்காமலிருக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல். இலையைத் தின்பதைத்தான் அது முக்கியமாகப் பிடிக்கிறது. சிலந்தியும் பொறிவண்டும் பெரும்பாலும் தப்பிக்கின்றன. வெயிலில் சில நாட்களில் வீரியம் போய்விடும் என்பதால், மறுபடி வயலில் இறங்கிப் பார்த்தே ஆகவேண்டும். சுருண்ட இலையை விரித்தால் உள்ளே வெளிர்பச்சைப் புழு, பச்சையம் சுரண்டிய வெள்ளைக் கோடு. வளரும் பருவத்தில் 10 சதவீத இலை, பூக்கும் பருவத்தில் 5 சதவீதக் கண்ணாடி இலை (கதிரை ஒட்டிய கடைசி இலை) சேதமானால்தான் அடிக்கவேண்டும் என்பது வேளாண் துறைக் கணக்கு. அதற்குக் கீழே உள்ளது புழுவின் பங்கு.

அந்தப் பங்கை எண்ணிப் பார்த்து, டேங்கை முதுகில் ஏற்றாமல் வீடு திரும்புவதுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்த கொல்லாமை. எண்ணாமல் அடித்தால் வேப்பெண்ணெயும் கடை மருந்துதான்.