ஆபத்து தீர்ந்த பிறகும்

1943 அக்டோபர் 16, சனிக்கிழமை. ரோமில் விடிவதற்கு முன்பே மழை. டைபர் ஆற்றங்கரையில் இருந்த பழைய யூதக் குடியிருப்பின் கதவுகளைத் தட்டிய ஜெர்மன் சிப்பாய்கள் வாயால் எதையும் விளக்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்கள். எட்டு நாளைக்கு உணவு, ரேஷன் அட்டை, பணம், நகை எடுத்துக்கொள்ளலாம். நோயாளிகளையும் விட்டுவிட்டு வரக்கூடாது, போகிற இடத்தில் மருத்துவ வசதி உண்டு. வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுவர வேண்டும். புறப்பட இருபது நிமிடம்.

அன்று பிடிபட்டவர்கள் 1,259 பேர். அவர்களை அடைத்து வைத்த ராணுவக் கல்லூரி லுங்காரா தெருவில் இருந்தது. அங்கிருந்து புனித பேதுரு பேராலயத்துக்கு நடந்தே போய்விடலாம். அந்த அடைப்புக்குள்ளேயே ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆனது. கலப்பு மணம் செய்தவர்கள், யூதர் அல்லாதவர்கள் என்று கொஞ்சம் பேரை விடுவித்தபின், ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு 18ஆம் தேதி திபுர்த்தினா நிலையத்திலிருந்து சரக்கு ரயில் ஆஷ்விட்ஸுக்குப் புறப்பட்டது. போர் முடிந்து உயிரோடு திரும்பியவர்கள் 16 பேர். பதினைந்து ஆண்கள், ஒரே ஒரு பெண்.

இது நடந்தபோது திருத்தந்தையாக இருந்தவர் பன்னிரண்டாம் பயஸ். ரோமிலேயே பிறந்தவர், இயற்பெயர் யூஜெனியோ பச்செல்லி. செய்தி அன்று காலையே அவர் காதுக்கு எட்டியது. அவருடைய திருப்பீடச் செயலர் கர்தினால் மாலியோனே ஜெர்மன் தூதர் வைஸெக்கரை உடனே வரவழைத்துப் பேசினார். திருப்பீடத்தைக் கண்டனம் தெரிவிக்கும் கட்டாயத்துக்குத் தள்ளிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். இந்தப் பேச்சை பெர்லினுக்குத் தெரிவிக்காமல் விட்டுவிடலாமா என்று தூதர் கேட்க, அது உங்கள் விருப்பம் என்று கர்தினால் விட்டுவிட்டார். ரயில் கிளம்பியது. கண்டனம் வரவில்லை.

மௌனம் சம்மதம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கல்யாணப் பேச்சுக்கு அது பொருந்தலாம். பேசினால் வேறொருவர் தலை உருளும் என்ற நிலையில் இருக்கும் ஒருவரின் மௌனத்தை அதே தராசில் வைக்க முடியுமா? பயஸ் மீதான வழக்கு அவர் இறந்து ஐந்தாவது ஆண்டில், 1963இல், ரோல்ஃப் ஹோஹூத் என்ற இளம் ஜெர்மானியர் எழுதிப் பெர்லினில் மேடையேறிய ஒரு நாடகத்தோடு சூடுபிடித்தது; இன்னும் முடியவில்லை. ஒரு தரப்பு அவரை ஹிட்லரின் கூட்டாளி என்கிறது. இன்னொரு தரப்பு பீடத்தில் ஏற்றப் பார்க்கிறது. முதல் தரப்பு வரலாற்றைப் படிக்கவில்லை. ஜெர்மனியைக் கண்டித்து 1937இல் முந்தைய திருத்தந்தை பதினோராம் பயஸ் அனுப்பிய சுற்றுமடலுக்கு இறுதி வடிவம் கொடுத்ததில் பச்செல்லிக்குப் பங்குண்டு. அதை நாஜிகளுக்குத் தெரியாமல் ஜெர்மனிக்குள் கடத்திக் கொண்டுபோய்க் கோயில்களில் வாசித்தார்கள்.

அவருக்காக வாதாடுகிறவர்கள் முதலில் காட்டுவது நெதர்லாந்தை. 1942 ஜூலை 26 ஞாயிறன்று அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள் யூதர்களை நாடு கடத்துவதை எதிர்த்து எல்லாப் பங்குகளிலும் கடிதம் வாசிக்கச் செய்தார்கள். ஒரு வாரம்தான். ஞானஸ்நானம் பெற்ற யூதர்களை, அதுவரை விட்டுவைத்திருந்தவர்களை, ஜெர்மானியர்கள் சில நூறு பேராகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் கார்மேல் சபைக் கன்னியர் எடித் ஸ்டைன். ஆகஸ்ட் 9 அன்று ஆஷ்விட்ஸில் அவர் உயிர் போனது.

திருத்தந்தையின் வீட்டைக் கவனித்துவந்த கன்னியர் பாஸ்கலினா பிற்காலத்தில் ஒரு சம்பவத்தைச் சொன்னார். பயஸ் கண்டன உரை ஒன்றை எழுதி முடித்திருந்தாராம். நெதர்லாந்துச் செய்தியைப் படித்ததும் அந்தத் தாள்களோடு சமையலறைக்கு வந்து, தன் கையாலேயே அடுப்பில் போட்டாராம். முழுவதும் எரியும்வரை நின்று பார்த்தாராம். இந்தக் கதையை வரலாற்றாசிரியர்கள் பலர் நம்புவதில்லை. நெதர்லாந்தில் பிடிபட்டவர்கள் என்று அதில் வரும் எண்ணிக்கை நடந்ததைவிடப் பல மடங்கு. இருந்தாலும் அடுப்படியில் நிற்கும் அந்த உருவத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தன் உயிரைப் பணயம் வைப்பது வீரம். அடுத்தவர் உயிரைப் பணயம் வைத்து வீரம் பேசினால் அதற்கு என்ன பெயர்? ரோமின் கன்னியர் மடங்களிலும் குருமடங்களிலும் யூதர்கள் ஒளிந்திருந்தார்கள். அப்படி ஒளிந்திருந்த சுமார் 3,200 யூதர்களின் பெயர்கள் அடங்கிய பட்டியல் கண்டெடுக்கப்பட்ட செய்தி 2023இல் வெளிவந்தது. எழுத்தில் அவர் ஆணை எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் தன் கண்ணெதிரில், தன் ஊரில் நடப்பது தெரியாமல் இருந்திருக்க முடியாது; அவர் தடுக்கவுமில்லை. ஒரு சொல் தவறினால் அந்த மடங்களின் கதவுகளும் உடையும் என்று அவர் அஞ்சியிருந்தால், அது கோழையின் அச்சம் அல்ல.

ஆனால் நெதர்லாந்து உதாரணத்தை இன்னும் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஆயர்கள் வாய் திறப்பதற்கு முன்பே, ஜூலை நடுவிலேயே, அங்கிருந்து ரயில்கள் ஓடத் தொடங்கிவிட்டன. ஞானஸ்நானம் பெறாத யூதர்கள் கடிதம் வாசித்தாலும் செத்தார்கள், வாசிக்காவிட்டாலும் செத்தார்கள்; நெதர்லாந்திலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கடிதத்தால் கூடுதலாகப் பறிபோனது திருச்சபையின் சொந்தப் பிள்ளைகள். பேசினால் நிலைமை மோசமாகும் என்ற கணக்கில், மோசமாவது யாருடைய நிலைமை என்ற கேள்வி பதுங்கியிருக்கிறது.

இதில் இன்னொரு முரணும் உண்டு. மௌனத்துக்குச் சாட்சியாக நிறுத்தப்படும் எடித் ஸ்டைன், 1933 ஏப்ரலிலேயே, ஹிட்லர் பதவிக்கு வந்து மூன்றாவது மாதத்தில், பேசுங்கள் என்று கேட்டு பதினோராம் பயஸுக்குக் கடிதம் எழுதியவர். மௌனத்தைக் கொடுத்து நெடுநாள் சமாதானம் வாங்க முடியாது என்று அதில் எச்சரித்திருந்தார். கடிதம் வந்து சேர்ந்ததற்கு ஒப்புதல் எழுதியவர் அன்றைய திருப்பீடச் செயலர் பச்செல்லி. அதே ஆண்டு ஜூலையில் ஜெர்மனியுடனான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரும் அவரே.

பேசியவர்கள் எல்லாரும் அழிவைத்தான் வரவழைத்தார்களா? மியூன்ஸ்டர் ஆயர் ஃபான் காலன் 1941 ஆகஸ்ட் 3 அன்று, மனநோயாளிகளைக் கொல்லும் திட்டத்தைப் பிரசங்க மேடையிலிருந்து அம்பலப்படுத்தினார். மூன்று வாரத்தில் ஹிட்லர் அதை அதிகாரபூர்வமாக நிறுத்தவேண்டி வந்தது; கொலைகள் மறைவில் தொடர்ந்தன என்பது வேறு விஷயம். ஆயர்மீது கை வைக்கவில்லை. 1944 ஜூன் 25 அன்று பயஸே ஹங்கேரியின் ஆட்சியாளர் ஹோர்த்திக்குத் தந்தி அடித்தார். ரூஸ்வெல்ட்டும் சுவீடன் மன்னரும் நெருக்கினார்கள். ஜூலை தொடக்கத்தில் யூதர்களை ஏற்றிச்சென்ற ரயில்கள் நின்றன. அதற்குள் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். புடாபெஸ்ட்டில் இருந்தவர்கள் அப்போதைக்குத் தப்பினார்கள். எதிர்ப்பக்கம் பெர்லின் குரு பெர்ன்ஹார்ட் லிஷ்டன்பெர்க் இருக்கிறார். யூதர்களுக்காக வெளிப்படையாக ஜெபித்ததற்காகக் கைதாகி, 1943 நவம்பரில் தாஹாவ் முகாமுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்தார். ஆக, பேச்சின் விலையை முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. மௌனத்தின் விலையையும்தான்.

இந்த வழக்கில் அதிகம் பேசப்படாத இடம் ஒன்று இருக்கிறது. பேச்சு என்றாலே ஹிட்லரைக் கண்டிப்பது என்று எடுத்துக்கொள்கிறோம். கண்டனத்தால் ஹிட்லர் மனம் மாறியிருக்கப் போவதில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்கவேண்டியிருந்தவர் ஹிட்லர் மட்டுமா? வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட அந்த ரோம் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். சாவியை எடுத்துக்கொள்கிறவர் திரும்பி வருவோம் என்று நம்புகிறவர். அந்த ரயில்கள் எங்கே போகின்றன என்று நம்பத்தகுந்த யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. திருத்தந்தைக்குத் தெரிந்திருந்தது. 1942 டிசம்பர் 14 தேதியிட்ட கடிதம் ஒன்றை, ஜெர்மன் இயேசு சபைக் குரு லோத்தர் கோனிக், பயஸின் செயலர் லைபருக்கு எழுதியிருந்தார். பெல்செக் முகாமில் நாளொன்றுக்கு ஆறாயிரம் பேர்வரை கொல்லப்படுவதாக அதில் இருக்கிறது. வத்திக்கான் ஆவணக்காப்பகம் 2020 மார்ச்சில் திறந்தபின் கண்டெடுக்கப்பட்டு 2023இல் வெளியானது அந்தக் கடிதம். அதே டிசம்பரில் பயஸ் வானொலியில் ஆற்றிய நீண்ட கிறிஸ்துமஸ் உரையில், எந்தக் குற்றமும் செய்யாமல் தங்கள் நாட்டினத்துக்காகவோ இனத்துக்காகவோ சாவுக்குக் குறிக்கப்பட்ட லட்சக்கணக்கானோரைக் குறிப்பிட்டார். யூதர் என்ற சொல் வரவில்லை. நாஜி என்ற சொல்லும் வரவில்லை. அரசாங்கங்களுக்கு அது யாரைப் பற்றியது என்று புரிந்திருக்கும். ஆற்றங்கரைக் குடியிருப்பில் புரிந்திருக்குமா?

அறிந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு அக்டோபர் 16க்குப் பிந்தைய ரோமே சாட்சி. அந்தக் காலைக்குப் பிறகு யூதர்கள் துண்டுச் சீட்டை நம்பவில்லை, சிதறி ஒளிந்தார்கள். பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போர்க்கால மௌனத்துக்கு ஒரே தீர்ப்பு எழுதுவது கடினம். நாஜிப் படை வாசலில் நிற்கும் நகரத்தில், எதிர்காலம் தெரியாத ஒரு மனிதர் எடுத்த முடிவு அது. எண்பது ஆண்டு கழித்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு எழுதுகிறவனுக்கு அடக்கம் வேண்டும். ஆனால் அந்த மௌனம் உண்மையில் எந்த வகை என்று சோதிக்க வழி இருக்கிறது. உயிர்களைக் காக்கத்தான் வாயை மூடினேன் என்கிறவர், உயிர்களுக்கு இருந்த ஆபத்து தீர்ந்ததும் வாயைத் திறந்துவிடுவார்.

ஜெர்மனி சரணடைந்தது 1945 மே மாதம். ஜூன் 2 அன்று பயஸ் கர்தினால்கள் முன்னிலையில் நாஜிக் கொடுமைகளைப் பற்றி விரிவாகப் பேசினார். திருச்சபை பட்ட பாடு, தாஹாவில் வாடிய போலந்துக் குருக்கள், எல்லாம் வந்தன. யூதர்கள் வரவில்லை. நவம்பரில் முகாம்களிலிருந்து தப்பிய யூதர்களின் குழு நன்றி சொல்ல வந்தபோது இன வெறுப்பைப் பற்றிப் பரிவோடு பேசினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அது வந்தவர்களுக்குச் சொன்னது, கத்தோலிக்க உலகத்துக்குச் சொன்னதல்ல. 1946 ஜூலையில் போலந்தின் கீல்ச்சே நகரில், போர் முடிந்து ஓராண்டு ஆனபிறகும், கும்பல் ஒன்று நாற்பதுக்கும் மேற்பட்ட யூதர்களைக் கொன்றது. வத்திக்கானில் பிரெஞ்சுத் தூதராக இருந்த மெய்யியலாளர் ழாக் மரித்தேன் அதே மாதம் மொந்தினிக்கு எழுதினார். பின்னாளில் திருத்தந்தை ஆறாம் பவுல் ஆன அதே மொந்தினி. யூத வெறுப்பைப் பற்றித் திருத்தந்தை உலகறிய ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்பதே மரித்தேனின் கோரிக்கை. அப்படி ஒரு வார்த்தை பயஸின் காலத்தில் வரவே இல்லை. பேச்சு வராதவர் அல்ல அவர். 1949இல் கம்யூனிசக் கொள்கையை ஏற்றுப் பரப்பும் கத்தோலிக்கர்களைச் சபையிலிருந்து விலக்கும் ஆணை அவர் ஒப்புதலோடு வந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சிகளின் பிடியில் லட்சக்கணக்கான கத்தோலிக்கர்கள் இருந்தபோது, பேசினால் அவர்கள் நிலைமை மோசமாகுமே என்ற கணக்கு அங்கே குறுக்கே வரவில்லை.

பயஸைச் சாய்ப்பது போர் முடிந்ததிலிருந்து அவர் இறக்கும்வரையான இந்தப் பதிமூன்று ஆண்டுகள்தான். 1943இல் அவர் மௌனம் ஒரு கவசமாக இருந்திருக்கலாம். 1946இல் அது பழக்கம்.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009இல் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். புனிதர் பட்டத்தை நோக்கிய அடுத்த படிக்கு அவசரம் வேண்டாம். ஆவணக்காப்பகத்தில் படிக்க இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

புனித வெள்ளி வழிபாட்டில் யூதர்களுக்காகச் சொல்லும் லத்தீன் ஜெபத்தில், அவர்களை நம்பிக்கைத் துரோகிகள் என்று கேட்பவர் பொருள்கொள்ளும் அடைமொழி ஒன்று நூற்றாண்டுகளாக இருந்தது. பயஸ் காலத்தில் அதற்கு மென்மையான மொழிபெயர்ப்பு அனுமதிக்கப்பட்டது. 1955இல் அந்த ஜெபத்தின்போது முழந்தாளிடும் வழக்கமும் திரும்பச் சேர்க்கப்பட்டது. சொல் மட்டும் அப்படியே இருந்தது. 1958 அக்டோபர் 9 அன்று அவர் இறந்தார். அடுத்து வந்த இருபத்து மூன்றாம் யோவான், போர்க்காலத்தில் இஸ்தான்புல்லில் இருந்துகொண்டு யூதர்கள் தப்ப உதவியவர், 1959 மார்ச் மாதப் புனித வெள்ளியில் அந்தச் சொல்லை நீக்கச் சொன்னார். பயஸ் இறந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.