ஓய்வும் ஓர் அறமே

முதுமையில் தமக்கென்று இன்பம் நாடுதல் தகுமா என்னும் ஐயம் நம் இல்லங்களில் அடிக்கடி எழுகின்றது. மக்களை ஆளாக்கிக் கடமைகளை முடித்த பின்னரும், பாடவேளை மணிக்கு நடந்து பழகிய நம் போன்றோர்க்கு ஓய்ந்திருத்தல் குற்றம்போல் தோன்றுகின்றது. இதனை ஆராய, இங்கிலாந்து நாட்டு முதியோர் பலர் விரும்பும் கால்வாய்ப் படகுப் பயணத்தை எடுத்துக்கொள்வோம்.

அந்நாட்டுக் கால்வாய்களுள் பல, பதினெட்டாம் நூற்றாண்டில் நிலக்கரி முதலிய சரக்குகளைக் கொண்டு செல்ல வெட்டப்பட்டவை. 1761இல் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் அவற்றுக்கு வழிகாட்டியாய் அமைந்தது. இருப்புப்பாதையும் சாலையும் பெருகவே அவை தம் பழைய பயனை இழந்தன. இன்று ஏழடிக்கும் சற்றுக் குறைந்த அகலமுடைய நீண்ட படகுகளை வாடகைக்கு எடுத்து, அவற்றிலேயே சமைத்துண்டு உறங்கி, ஒரு வார காலம் உலவி வருகின்றனர். பெரும்பாலான கால்வாய்களில் மணிக்கு நான்கு மைலுக்கு மேற்செல்லலாகாது. விரைந்து நடப்பவரின் வேகமே அது.

இது சோம்பலா? அன்று. மேட்டில் ஏறவும் பள்ளத்தில் இறங்கவும், 'லாக்' எனப்படும், இருபுறமும் கதவுடைய நீர்த்தொட்டிகள் உள்ளன. மதகுப் பலகையைத் தூக்கி நீரை நிரப்பினால் படகு மேலெழும், வடித்தால் கீழிறங்கும். குறுகிய லாக்கை ஒருமுறை கடக்கவே ஏறத்தாழ ஓர் இலட்சம் லிட்டர் நீர் செலவாகும். ஆகவே, நீர்மட்டம் எதிர்வரும் படகுக்கு ஏற்றதாயிருப்பின், அதற்கு வழிவிட்டுக் காத்திருப்பதே முறை. கடந்தபின் மதகை மூடாது விட்டால் மேற்பகுதி வற்றும். பின்வருவோர் தரைதட்டி நிற்பர். கரையில் கட்டிய படகுகளைக் கடக்கையில் வேகத்தை இன்னும் குறைத்தல் வேண்டும், இல்லையேல் எழும் அலை அவற்றை அலைக்கழிக்கும், கரையையும் அரிக்கும்.

இங்கே ஓர் உண்மை புலனாகின்றது. இன்பம் குற்றமா என்று கேட்பதினும், நம் இன்பத்தின் சுமையைத் தாங்குபவர் யார் என்று கேட்பதே தக்கது. முகமறியாத பின்வருவோரை எண்ணி மதகை மூடுபவரின் ஓய்வு, பிறரை வருத்தாத ஓய்வாகும்.

அப்பொருளை வறியோர்க்கு ஈயலாமே எனச் சிலர் வினவுவர். ஈகை இன்றியமையாததே. ஆயினும், ஈகையும் ஓய்வும் ஒன்றற்கொன்று பகையல்ல. கென்னட்–ஏவான் கால்வாய் பழுதுற்று, முழுவழிப் போக்குவரத்து இன்றிப் பல்லாண்டு கிடந்தது. தொண்டர்கள் அயராது பாடுபட்டமையால் 1990இல் மீண்டும் திறக்கப்பெற்றது. டிவைசஸ் நகரருகே ஒன்றையடுத்து ஒன்றாக 29 லாக்குகள் அதில் உள்ளன. பணி ஓய்வு பெற்றோர் பலர் இத்தகைய கால்வாய்களில் ஊதியமின்றிப் படகினர்க்குத் துணை நிற்கின்றனர். நீரில் மகிழ்ந்தவரே அதன் காவலராகவும் விளங்குகின்றனர்.

நாம் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஆற்றங்கரையும் அமைதியான ஊரும் நம் அருகிலேயே உள்ளன. இளையோர், பெற்றோர் அவற்றை நாடுங்கால், "இந்த வயதில் எதற்கு?" என்று கேளாதிருத்தல் நன்று. முதியோரும் தயங்க வேண்டா. அளவறிந்து, எவ்வுயிரையும் வருத்தாது, வந்த வழியைப் பின்வருவோர்க்குக் குறையின்றி விட்டுச் செல்லும் ஓய்வு, அறத்தின் ஒரு கூறே ஆகும்.