எத்தனை அடி நெருங்கலாம்?

ஏப்ரல் மாதத்தில் கோடியக்கரைச் சேற்றுப்பரப்பில் நின்றால், சிட்டுக்குருவி அளவேயுள்ள கொசு உள்ளான்கள் ஓயாது இரை கொத்துவதைக் காணலாம். அவசரம் பசியினால் மட்டுமன்று. வடதுருவத்தை அடுத்த தூந்திரப் பகுதியில் கூடு கட்ட ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க வேண்டும்; அதற்கான கொழுப்பை இச்சில வாரங்களில்தான் உடலில் சேர்க்கின்றன. சாம்பல் நிறம் மாறி இறகில் செம்மை படர்வதும் இப்போதே. எனவே நமக்கு அருகில் செல்ல ஆசை. ஓரடி வைக்கிறோம், கூட்டம் முழுவதும் எழுந்து வட்டமிடுகிறது. "என்ன அழகு!" என்கிறோம். அந்த அழகுக்கு அவை செலவிட்டது வழிப்பயணத்தின் கட்டுச்சோற்றை அன்றோ?

மலையிலோ நாம் பொய்யும் சொல்கிறோம். இமயப் பகுதியிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னக மலைகளுக்கு வரும் பச்சைக் கதிர்க்குருவி, தனக்கென எல்லை வகுத்துக் காப்பது. பதிவு செய்த அதன் குரலை ஒலிக்கவிட்டால், அயலான் புகுந்தான் என்று பதறி இலைமறைவிலிருந்து வெளிப்படும். நமக்கு ஒரு காட்சி. அதற்கோ இல்லாத பகைவனோடு போர். பறவையிடம் சொல்லும் பொய் பொய்யாகாது என்பார் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஏமாற்றப்படுவதன் களைப்பு அச்சிற்றுடலுக்கும் உண்டு.

நேசத்தினால் செய்கிறோம் என்பது மெய்யே. அதனாலேயே நம்மை நாம் ஐயுறுவதில்லை.

வரப்பில் அசையாது அமர்ந்திருந்தால், உள்ளான்கள் மேய்ந்தவாறே நம் பக்கம் வருவதும் உண்டு, வராமற்போவதும் உண்டு.